உமி ரொட்டியில் தேன்

ரொட்டி எப்படி ரொட்டியாக நிற்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்கும். வின்னிபெக்கில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் நான். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய, உள்ளே ரப்பர் மாதிரி ஒரு வலை உருவாகும். அந்த வலை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரொட்டி உப்பும். உமியில் அந்த வலை கிடையாது. காய்ந்த இலையில் கிடையாது. அரைத்த மக்காச்சோளத் தக்கையிலும் கிடையாது. வேகவைத்த பீட்ரூட் கீரையின் பிசுபிசுப்பும் ஒரு பிடி பிண்ணாக்கும் இருந்தால் எப்படியோ அடையாகத் தட்டிவிடலாம். சுட்டால் மேலே கருகும், உள்ளே சேறு மாதிரி ஈரமாகவே கிடக்கும்.

1933 வசந்தத்தில், உக்ரைனில், பொல்தாவா பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா தின்றது அதைத்தான். அரசாங்கத்து ஆட்கள் வந்து இரும்புக் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து, ஒளித்து வைத்த கடைசித் தானியத்தையும் எடுத்துப் போன பிறகு.

ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே வின்னிபெக்கில் குடியேறிய எங்கள் ஆட்களின் தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் அந்தப் பஞ்சத்தின் நினைவு நாள். மேலே பூசை முடிந்ததும் கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, ஆளுக்குக் கட்டைவிரல் அளவு அந்த ரொட்டி. சாகும்வரை அம்மா சுட்டாள். பிறகு நான். அவள் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: "இத நல்லா பண்ணிடாத, மோத்ரியா."

இந்த வருட நினைவு நாளுக்கு மூன்று வாரம் முன் ஒரெஸ்ட் என் வீட்டுக்கு வந்தார். பல் டாக்டர், தேவாலயக் குழுத் தலைவர். எங்கள் வழக்கப்படி என்னை 'பானி' என்று, அம்மா என்பது மாதிரி, மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"பானி மோத்ரியா, இந்த வருஷம் சட்டமன்ற உறுப்பினர் வராரு. டிவிக்காரங்களும் வராங்க. போன வருஷம் பாத்தீங்கல்ல, பாதிப் பேர் காகிதத் துண்டுல துப்பிட்டாங்க."

"பாத்தேன். நான்தானே கூட்டினேன்."

"கொஞ்சம் கோதுமை மாவு, ரெண்டு முட்டை. எல்லாம் ஒரு அடையாளத்துக்குத்தானே."

"நீங்க பல்ல அடையாளத்துக்குப் புடுங்குவீங்களா?"

"மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் புடுங்குவேன், பானி."

"அந்த ஊசியத்தான் என்னையப் போடச் சொல்றீங்க. மாட்டேன்."

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நினைவு நாளன்று மதியம் என் ரொட்டி இருந்த இரண்டு தட்டுகளைக் கூடத்துச் சமையலறையில் வைத்துவிட்டுப் பூசைக்கு மேலே போனேன். இறங்கி வந்தபோது மேசைகளில் வேறு ரொட்டி இருந்தது. பழுப்பு நிறம், மேலே பளபளப்பு, அழகான துண்டுகள். ஒன்றை விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து, மெதுவாக எழும்பி வந்தது. எழும்பி வந்தால் உள்ளே வலை இருக்கிறது. முகர்ந்தேன். தேன்.

என் தட்டுகள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் துண்டு போட்டு மூடிக் கிடந்தன. ஒரெஸ்டின் மனைவி ஸ்லாவ்கா கூடையோடு நின்றாள்.

"காலைல நான்தான் சுட்டேன், பானி. லிண்டன் மரத்து இலையும் தூவியிருக்கேன், நிறம் வரட்டும்னு."

நிறம் வரட்டுமாம். அந்த மரத்து இலையைத்தான் அன்று காயவைத்து அரைத்து மாவுக்குப் பதில் போட்டார்கள்.

அதற்குள் சட்டமன்ற உறுப்பினர் ஒரு துண்டை வாயில் போட்டிருந்தார். "ரொம்ப நல்லாருக்கே," என்றார் ஆங்கிலத்தில். "செய்முறை கிடைக்குமா? வீட்ல பண்ணச் சொல்லணும்."

யாரும் முகம் சுளிக்கவில்லை. நாலைந்து பேர் நன்றியோடு புன்னகைத்தார்கள்.

அவருக்கு எதிரே லுக்யான் உட்கார்ந்திருந்தார். எண்பத்தொன்பது வயது. 1933இல் உக்ரைனில் அதைத் தின்றவர்களில் எங்கள் கூடத்தில் மிஞ்சியிருப்பது அவர் மட்டும். ஒரு துண்டை மென்று முடித்தார். விரலில் ஒட்டிய துகளையும் நக்கினார்.

"இன்னொண்ணு இருக்கா?"

ஸ்லாவ்கா கூடையோடு ஓடினாள். அவர் ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"நாப்பது கிராம் இருக்கும். தினம் இதுல ஒண்ணு கெடச்சிருந்தா எங்க தங்கச்சி வார்கா செத்திருக்க மாட்டா."

குரல் உயரவேயில்லை. அவர் பேசியது உக்ரைனிய மொழியில். அது தெரியாத சட்டமன்ற உறுப்பினர் ஒரெஸ்ட் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

"ருசியா இருக்குன்னு சொல்றாரு," என்றார் ஒரெஸ்ட்.

என் காது இரண்டும் கொதித்தன. ஆனால் நான் வரிசையாக வேலை செய்து பழகியவள். முதலில் மேசை மேசையாகப் போய்க் கை துடைக்க வைத்திருந்த காகிதத் துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி என் ஏப்ரன் பைக்குள் திணித்தேன். ஒன்றுகூட விடவில்லை. பிறகு தொட்டிக்கு அடியிலிருந்து என் தட்டுகளை எடுத்து வந்தேன். சட்டமன்ற உறுப்பினரிடம் லுக்யான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். தட்டை நீட்டினேன்.

"அவங்க தின்னது இது. எடுத்துக்குங்க."

எடுத்தார். இரண்டு கடி மென்றதும் தாடை நின்றது. கை மேசையில் காகிதம் தேடியது. தட்டுக்கு அடியில் தேடியது. என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் கண்ணில் நீர் வர விழுங்கினார்.

"பானி, கேமரா ஓடுது," என்று என் காதருகே சீறினார் ஒரெஸ்ட்.

"ஓடட்டும். பொய்ய அது முன்னாடிதானே சொன்னீங்க. இந்தாங்க, உங்களுக்கும் ஒண்ணு. ஊசி கிடையாது."

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. வாயில் போட்டுக்கொண்டார்.

தட்டை லுக்யான் முன்னால் வைத்தேன். அந்த வாசனை பட்டதும் புறங்கையால் தள்ளினார்.

"எடு இத. நான் தின்னு முடிச்சாச்சு."

கையிலிருந்த தேன் ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மணலை அரைப்பது மாதிரி, ஒரெஸ்ட் இன்னும் மென்றுகொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏப்ரன் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு, அவர் விழுங்கும்வரை நான் எதிரிலேயே நின்றேன்.