கவிதையில் வரும் அப்பன்

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் புத்தக அறிமுகக் கூட்டத்தில் பேச ரேணுகாதேவி ஒரே ஒரு கவிதையைத் தேர்ந்து வைத்திருந்தாள். அவள் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். புத்தகம் பால்சாமியின் முதல் தொகுப்பு. நரிக்குடிப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர் அவர். சொந்தமாக ஒரு லோடு வேனும் ஓட்டுகிறார். தொகுப்பில் மழையும் கண்மாயும் நிறைய இருந்தன. அவற்றை வேறு யாரும் எழுதியிருக்கலாம். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்ததை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

கதவு

பருத்திக்கு வாங்கிய மருந்து
பருத்திக்கு இல்லாமல் போயிற்று.
மகள் வாயில் நுரை.
தெருவில் வண்டி நிற்கிறது
சாவி என் இடுப்பில்.
வெளியே ஆள் நடமாட்டம்.
நான் எழுந்துபோய்
கதவைச் சாத்தினேன்.
இருட்டும்வரை
என்னை
அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

ஓரத்தில் பென்சிலால், 'அழுகை என்ற சொல்லே இல்லை' என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஒரு பெண் வீடு விசாரித்து வந்தாள். பால்சாமியின் மனைவி முத்துத்தாய் என்று சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவுப் பாட்ட மட்டும் நாளைக்கு வாசிச்சிராதீக டீச்சர்."

"ஏம்மா? புத்தகத்துலயே அதுதான் நல்ல கவிதை."

"அது கவிதை இல்ல."

தறி நின்றது. முத்துத்தாயும் நிறுத்தினாள். நூல் அறுந்திருக்கும். மறுபடி ஓடத் தொடங்கியதும்தான் பேசினாள்.

மூத்த மகள் பெயர் நாகஜோதி. ஒரு பையனோடு பேசுகிறாள் என்று பால்சாமி போனைப் பிடுங்கி வைத்திருந்தார். மருந்தைக் குடித்தவளை மிளகாய்க் காட்டில் பாம்பு கடித்தது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"உசுரு இருந்துச்சு டீச்சர். திருச்சுழி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூடப் பொழச்சிருப்பா. வெளிய தெரிஞ்சா சின்னவள யாரு கட்டுவான்னு அவுக கதவச் சாத்திட்டாக. நானும் உள்ளதான் இருந்தேன்."

ரேணுகாதேவி புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"அச்சுல வந்துருச்சேம்மா."

"புஸ்தகத்துல கெடந்தா யாரு படிக்கப் போறா? ஊருல வீடு வீடாக் குடுத்தாக. ஒருத்தரும் பிரிக்கல. மைக்குல வாசிச்சாத்தான் காதுல விழும். நாளைக்குப் பாலவனத்தத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டாளுக வாராக. அடுத்த மாசம் சின்னவ ரோஷினிக்கு நிச்சயம்."

"அவங்கள யாரு கூப்பிட்டது?"

"இவுகதான். நேர்ல போயி, கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டு வந்துருக்காக."

"அவங்க கேக்கணும்னேவா?"

"அது அவுகளுக்கே வெளிச்சம்."

வாசிக்க மாட்டேன் என்று ரேணுகாதேவி சொன்னாள். முத்துத்தாய் போன பிறகு கவிதையை மறுபடி வாசித்தாள். வரிகள் முன்பு போலவே சரியான இடத்தில் முறிந்தன. அது அவளுக்குப் பயமாக இருந்தது. ஓரத்தில் எழுதியதை அழித்துவிட்டு, மழைக் கவிதைகளைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். கூட்டத்தை நடத்தும் அசோக் கீழே ஓடி நாற்காலி எடுத்து வந்தான்.

"கவிதைக்கு ஹாலு நெறஞ்சு இப்பத்தான் பாக்குறேன் மேடம். இனிமே புஸ்தகம் போடுறவன் மொதல்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும், அப்புறம்தான் பிரஸ்ஸுக்குப் போகணும்."

மாப்பிள்ளையின் அப்பா காளீஸ்வரன் முன்வரிசையில் இருந்தார். மடியில் புத்தகம் பிரிக்காமல் கிடந்தது. முத்துத்தாயும் ரோஷினியும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ரேணுகாதேவி மழையைப் பற்றிப் பேசினாள். கண்மாயைப் பற்றிப் பேசினாள். சுமாரான கவிதைகளை நல்ல கவிதைகள் போல வாசித்தாள். முடிப்பதற்கு முன், நாளைக்கு யாராவது வீட்டில் புத்தகத்தைப் பிரித்துவிட்டால் என்ற எண்ணம் வந்தது.

"ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். "கவிதையில் 'நான்' என்று பேசுகிறவர் கவிஞர் இல்லை. கவிஞர் உருவாக்கிய ஒரு பாத்திரம். நவீன கவிதையை வாசிக்கும்போது உள்ளே ஆளைத் தேடக் கூடாது."

காளீஸ்வரன் தலையாட்டினார்.

ஏற்புரைக்குப் பால்சாமி எழுந்தார். போர்த்திய துண்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர் ஒண்ண விட்டுட்டாக" என்றார். "அத நானே வாசிச்சுக்கிறேன்."

மோசமாக வாசித்தார். வரி முடிகிற இடங்களில் நிற்கவில்லை. 'கதவைச் சாத்தினேன்' என்ற இடத்தில் நின்று தண்ணீர் குடித்தார். கடைசி மூன்று வரிகளும் ஒரே மூச்சில் வந்தன. புத்தகத்தை மூடினார்.

"இதுல வர்ற அப்பன் நான்தான். பாத்திரம் இல்ல."

முத்துத்தாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். முதலில் அசோக் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

டீயும் வடையும் வந்தன. காளீஸ்வரன் பால்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு கலங்கிருச்சு சம்பந்தி. கடைசில நான்தான்னு சொன்னீக பாருங்க, அந்தப் பாத்திரமாவே மாறிட்டீக."

"இல்ல சம்பந்தி. அது நெசமாவே நடந்தது."

"நெசம் மாதிரித்தான இருந்துச்சு? அதான் சொல்றேன்." அருகில் நின்றவரிடம் திரும்பினார். "இவுக மூத்த பிள்ளையப் பாம்புக்குக் குடுத்த மனுசன். அப்படியிருந்தும் எவனோ ஒரு பாவி அப்பனுக்குள்ள போயி நின்னு பாத்துருக்காரு. யாருக்கு வரும் இந்த மனசு?"

பால்சாமி கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ரேணுகாதேவியைத் தேடினார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. படிச்சவுக. அது கற்பனையா?"

காளீஸ்வரனுக்குப் பின்னால் முத்துத்தாய் டீத் தம்ளருடன் நின்றிருந்தாள். தலையசைக்கவில்லை. கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை. ரோஷினி எடுத்த வடையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கவிதை ஐயா" என்றாள் ரேணுகாதேவி. "தொகுப்புல அதுதான் நல்ல கவிதை."

பால்சாமி அவளையே பார்த்தார்.

"பாத்தீகளா, டீச்சரே சொல்லிட்டாக" என்றார் காளீஸ்வரன். தன் புத்தகத்தைப் பிரித்து, தாள்களைத் தள்ளி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மொதப் பக்கம் வேணாம். இதுலயே போடுங்க."

பால்சாமி பேனாவை வாங்கினார். கவிதைக்குக் கீழே முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

காளீஸ்வரன் மை காயும்வரை ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.