இஞ்சின் நின்ற சீசன்

அந்த விண்வெளித் தொடரின் மூன்றாம் சீசன் வந்தபோது உலகம் முழுவதும் இருந்த ரசிகர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. முதல் இரண்டு சீசன்களிலும் என்னவெல்லாமோ இருந்தன. மூன்று சூரியன்கள் எரியும் உலகம், கோள்களைச் சீதனமாகக் கொடுக்கும் அரச குடும்பம், வால்வெள்ளிக்குள் பதுங்கியிருக்கும் கொள்ளையர். அழிந்துபோன ஒரு கோளிலிருந்து நாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல் இவற்றுக்கெல்லாம் நடுவால் தப்பித் தப்பிப் போகும். மூன்றாம் சீசனின் முதல் காட்சியிலேயே அதன் இயந்திரம் எரிந்துபோனது. அதற்குப் பிறகு பத்து அத்தியாயங்களுக்கும் கப்பல் சும்மா மிதந்தது. சனங்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள், உடுப்புத் தைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், செத்தார்கள். நட்சத்திரங்கள்கூட இடம் மாறவில்லை.

என் கணவர் லியோனுக்கு அந்தச் சீசன்தான் பிடித்தது. அவர் பருத்தித்துறையில் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துபவர். தொடரின் ஆங்கிலப் பெயர் அவர் வாயில் வராது, 'கப்பல் படம்' என்றுதான் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள். கைபேசியை நிறுத்தி நிறுத்தி, யார் என்ன சொன்னார்கள் என்று நான் சொல்ல அவர் கேட்பார்.

"இப்பதான் சரியாய் எடுக்கிறாங்கள்," என்றார் இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும். "இஞ்சின் செத்தாப் பிறகு வேறை என்ன நடக்கும்? இருக்கிற தண்ணியைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

"அதைப் பத்து மணித்தியாலம் இருந்து பாக்க எனக்கென்ன விசரே?"

"நீர் சண்டை பாத்துப் பழகீட்டீர்."

நாங்கள் அதைப் பார்த்தது வீட்டில் அல்ல. லியோனுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி ஒன்றரை வருடமாகியிருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புவோம். அவர் ஒரு கையை அசைக்காமல் படுத்திருப்பார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நோயாளிகளுக்குக் கேட்காதபடி காதோடு காதாகக் கதை சொல்வேன். ஒரு அத்தியாயம் முடிய இரண்டு மூன்று கிழமைகூட ஆகும். அவர் இடையிடையே நித்திரையாகிவிடுவார்.

எனக்கும் அவருக்கும் ஒரே இரத்த வகை. என்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாக முடிவெடுத்து, மார்கழி முழுவதும் சோதனைகளுக்கு அலைந்தேன். தை மாதத்தில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கடை ரண்டிலை ஒண்டு பிறவியிலையே சுருங்கிப்போச்சு. மற்றதுதான் முழு வேலையும் செய்யுது. உங்களிட்டை எடுக்கேலாது, அம்மா." பிறகு, "அவருக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

"நான் சொல்லுறன்," என்றேன்.

கட்டிலடிக்குப் போனபோது லியோன் தலையை நிமிர்த்தி, "என்னவாம்?" என்றார்.

"இன்னும் ஒரு சோதனை மிச்சம் இருக்காம்."

"அப்ப படத்தைப் போடும்."

அன்றைக்கு நாலாம் அத்தியாயம். கப்பலின் வானொலி அறைக்கு ஒரு சமிக்ஞை வந்து சேர்கிறது. யாரோ தங்களைக் கண்டுவிட்டார்கள் என்று நாலாயிரம் பேரும் கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள். கப்டன் ஈரா மட்டும் தன் அறையில் இருந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். அது அவர்கள் முன்னர் அனுப்பிய சமிக்ஞையேதான், எங்கோ ஒரு தூசி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அவள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"உவள் செய்தது பிழை," என்றார் லியோன். "சொல்லியிருக்கவேணும்."

"சொல்லி என்ன? நாலாயிரம் பேரும் இருந்து அழுறதோ?"

"அழட்டுமன். அழுது முடிச்சு வேறை ஏதும் யோசிப்பினம். இப்ப எல்லாரும் சும்மா காத்துக்கொண்டெல்லோ இருக்கப்போயினம்."

நான் அடுத்த காட்சிக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எழும்பி நின்று பாடினார். இரண்டு படகுக்காரரிடம், வைகாசிக்குப் பிறகு வேலைக்கு வருவேன் என்று சொல்லி வைத்திருந்தார். இன்னும் ஒரு கிழமை இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கிழமை முடிய இன்னொன்று. "சோதனை மறுமொழி வந்திட்டுதோ?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இல்லை, கொழும்பிலையிருந்து வரவேணுமாம்," என்றேன். ஈராவுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. பத்து அத்தியாயத்திலும் ஒருவராவது அவளிடம் போய் நேரே கேட்கவில்லை. கதை எழுதியவர்கள் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தச் சீசனில் எனக்குப் பொய்யாகப்பட்ட ஒரே இடம் அதுதான். சனங்கள் கேட்பார்கள்.

மாசியில் றொபின் வந்தான். லியோனுடைய சித்தப்பாவின் மகன், கொடிகாமத்தில் மரக்கறி லொறி ஓடுகிறவன். அவனுக்கும் அதே இரத்த வகை. தொடக்கத்திலேயே, "மச்சாளின்ரை சரிவராட்டி நான் தாறன், அண்ணை," என்று சொன்னவன். வாய்ப்பேச்சாகச் சொன்னதல்ல. தன் மனைவி சுபாஜினியையும் கூட்டிவந்து அவளுக்கு முன்னால் சொன்னவன்.

"கட்டாருக்கு விசா வந்திட்டுது, அண்ணை. வாற வெள்ளிக்கிழமை பயணம். அதுதான் கேட்டுக்கொண்டு போகலாமெண்டு வந்தனான். மச்சாளின்ரை சோதனை என்ன மாதிரி?"

"எல்லாம் சரியாய்ப் போகுது," என்றார் லியோன். "நீ யோசியாமல் போ."

நான் தேத்தண்ணீரோடு நின்றிருந்தேன். றொபின் திரும்பி என்னைப் பார்த்தான். "ஓமோ, மச்சாள்?"

"ஓம்," என்றேன்.

அவன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனான்.

பங்குனி முதற்கிழமை லியோனைப் பார்க்க வந்த டொக்டர், நான் சொல்லியிருப்பேன் என்ற நினைப்பில், "வேறை ஆரும் தாறதுக்கு இருக்கினமோ? பாத்தனீங்களோ?" என்று கேட்டார். லியோன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பாக்கிறம், டொக்டர்," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். பாதி வழியில் வல்லை வெளி வந்த பிறகுதான் கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"தையிலை."

"றொபின் வரேக்கை?"

"தெரியும்."

கடனீரேரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. அவர் யன்னலைச் சாத்தப் பார்த்தார், அது சாத்துப்படவில்லை.

"நான் அவனைப் போகச் சொன்னன், நிமலினி. என்ரை வாயாலை சொன்னன். நீர் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீர்."



அடுத்த நாள் றொபினோடு கதைத்தோம். "ரண்டு வருச ஒப்பந்தம், அண்ணை. பாஸ்போட்டை வாங்கி வைச்சிருக்கிறாங்கள். கேட்டுப் பாக்கிறன்," என்றான். இரண்டு கிழமைக்குப் பிறகு, விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். உண்மையாகவே கேட்டானோ தெரியாது. கேட்காவிட்டாலும் அவனைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

லியோன் என்னை ஏசவில்லை. முன்னர் போலவே சேர்ந்துதான் பஸ் ஏறினோம். ஏழு அத்தியாயம் பார்த்திருந்தோம், மூன்று மிச்சம். கட்டிலில் ஏறிப் படுத்ததும், "போனைத் தாரும். நான் பாக்கிறன்," என்றார்.

"உங்களுக்கு விளங்காதே."

"விளங்கிறது விளங்கட்டும்."

நான் வெளியே போய் விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் இருந்தேன். அந்த மூன்று அத்தியாயங்களையும் அவர் அப்படித்தான், நான் பக்கத்தில் இல்லாமல், ஆங்கிலத்தில் பார்த்து முடித்தார். கடைசி நாளன்று பஸ்ஸில், "முடிவு என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"விளங்கேல்லை," என்றார்.

ஆனியில் அவருடைய கையில், இயந்திரத்துக்கு இரத்தம் எடுக்கும் குழாய் அடைபட்டது. அதற்குப் பதிலாகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். ஆவணியில் அதில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் வைத்தியசாலையில் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்துபோனார். கடைசி நாட்களில் தண்ணீர் கேட்டார், தலையணையைத் திருப்பி வைக்கச் சொன்னார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

அடக்கம் முடிந்து சனம் போன பிறகு நான் அந்த மூன்று அத்தியாயங்களையும் பார்த்தேன். ஈரா கடைசிவரை சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் சனங்கள் வரப்போகிறவர்களுக்கென்று கதிரைகளைத் துடைத்து வைக்கிறார்கள். கப்பல் மிதந்துகொண்டே இருக்க, திரை இருண்டுவிடுகிறது. நாலாம் சீசன் எடுக்கப்போவதில்லை என்று கொம்பனி அறிவித்துவிட்டது. ஈரா செய்தது பிழை என்று சொன்ன மனிதர் இதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் கதையே குறைவு, கதிரை துடைக்கிறதும் இருட்டும்தான். விளங்காமல் இருக்க அதில் ஒன்றுமில்லை.

முப்பத்தொராம் நாள் பூசை முடிந்த பிறகு றொபின் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள், கல்லறை கட்டியாயிற்றா என்றெல்லாம் விசாரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மச்சாள், அண்ணைக்கு என்னிலை கோபமோ? நான் விட்டிட்டு வந்திட்டன் எண்டு."

"உன்னிலை கோபமில்லை, றொபின். நீ வீட்டை வரேக்கையே என்ரை சரிவராதெண்டு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான்தான் மறைச்சனான்."

அந்தப் பக்கம் ஏதோ பெரிய வாகனம் பின்னால் வரும் சத்தம் கேட்டது. 

"நான் அண்டைக்கு உங்களிட்டைக் கேட்டனான்," என்றான்.

"ஓம்."

"நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன்."

"தெரியும்."

"அப்ப இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறியள், மச்சாள்?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.   முடிக்கமுன்னரே அவன், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.