அம்மா வாசித்த அடிக்கணக்கு

சுரங்கப்பாதைப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போன இன்பமலரைச் சுரங்கப்பாதைக்குள் விடமாட்டோம் என்றார்கள். மலைநாட்டில் தண்ணீர் கொண்டுபோக வெட்டிக்கொண்டிருந்த பாதை அது. பெண் கால்வைத்தால் பாறை இறங்கும் என்று நம்பிய தொழிலாளர்கள் வாசலில் மறித்து நின்றார்கள். பேராசிரியர் அவள் முகத்தைப் பாராமலே, "பாலத்தைப் பற்றி ஆய்வு செய்யலாமே" என்றார்.

"ஒருத்தரும் வேலை செய்யாத சுரங்கம் எண்டால் மறிக்கவும் ஆளில்லைத்தானே, சேர்."

அப்படி ஒன்று அவளுடைய ஊரிலேயே இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவில், வெள்ளைக்காரர் யுத்த காலத்தில் குன்றைக் குடைந்து, பிறகு கைவிட்டுப் போன களஞ்சியப் பாதை. நானூறு அடி நீளம், சீமெந்து பூசாத வெறும் பாறை. 1976 பங்குனியில் அனுமதிக் கடிதத்தோடு உப்புவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆறு கிழமைக்குள் இரு சுவர்களிலும் உள்ள வெடிப்புகளை அளந்து வரைபடமாக்க வேண்டும்.

"அங்க நிக்கிற காவல்காரனோட தனியாப் போறதோ? நானும் வாறன்" என்றார் அம்மா றீற்றா.

றீற்றா கடற்படைக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்து, வெள்ளைக்காரர் போனபின் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு மாறி, அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கணவர் இறந்து ஆறு வருடம். மகளும் தூரத்தில். வெறும் வீட்டில் அவருக்குப் பொழுது போகவில்லை.

காவல்காரர் றஊப் கதவைத் திறந்து பெற்றோமாக்ஸ் விளக்குக் கொளுத்திக் கொடுப்பார். இன்பமலர் ஏணியில் ஏறி, வெடிப்பின் சாய்வைக் கருவி வைத்து அளப்பாள். கீழே நிலத்தில் அளவுநாடா விரித்துக் கிடக்கும். அந்த வெடிப்பு வாசலிலிருந்து எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று றீற்றா குனிந்து வாசித்துச் சொல்ல வேண்டும். கச்சேரியில் பெயர் கூப்பிடுவதுபோல உரக்கச் சொல்வார். குன்று முழுவதும் அதைத் திரும்பச் சொல்லும்.

மத்தியானத்தில் மூவரும் வாசலில் இருந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்கள். முன்னால் குடாவின் தண்ணீர் அசையாமல் கிடக்கும். றீற்றா பழைய கந்தோர்க் கதைகளை அவிழ்ப்பார்.

"ஒரு கப்டன் மூண்டு பெண்களுக்கு ஒரே கடிதத்தைத்தான் அனுப்பினவன். பெயரை மட்டும் நான் மாத்தி அடிச்சனான்."

றஊப் புரையேறும்வரை சிரிப்பார். அம்மாவுக்கு இவ்வளவு கதை தெரியும் என்று இன்பமலர் அப்போதுதான் அறிந்தாள்.

நான்காம் கிழமை முடிவில், வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து இரு சுவர்களையும் ஒப்பிட்டாள். ஒரு சுவரில் தொடங்கும் வெடிப்பு கூரையைக் கடந்து மற்றச் சுவரில் நேராக இறங்க வேண்டும். இங்கே பதினொரு வெடிப்புகள் சரியாக ஐந்தடி விலகி நின்றன. மலையே எப்போதோ நழுவியிருக்கிறது! ஒருவரும் கண்டுபிடிக்காத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிப் பேராசிரியருக்குத் தந்தி அடித்தாள். மறுநாளே பதில் வந்தது: 'திரும்ப அளந்து பார்.'

அளக்கப் போனாள். முதல் வெடிப்பிலேயே நாடா ஒன்று சொன்னது, குறிப்புப் புத்தகம் வேறொன்று சொன்னது.

"அம்மா, இது எத்தனை?"

றீற்றா குனிந்தார். "இருநூற்றிப் பதினெட்டு."

"பதின்மூண்டு, அம்மா."

றீற்றா நிமிரவில்லை. மூன்றும் எட்டும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. அந்த ஐந்தடி அங்கிருந்துதான் வந்திருக்கிறது; மலை நழுவவே இல்லை.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"போன வருஷம் தொடக்கம். புகை மூடின மாதிரி. கச்சேரியில ஒருத்தருக்கும் தெரியாது. தட்டெழுத்துக்குக் கண் என்னத்துக்கு, விரல் காணும்."

"என்ர படிப்பம்மா இது! ஏன் சொல்லேல்ல?"

அவள் போட்ட சத்தத்தைக் குன்று இரண்டு முறை திருப்பிச் சொன்னது. அது அடங்கியதும் றீற்றா சொன்னார்.

"சொன்னால் என்னை வீட்டில விட்டிட்டு வந்திருப்பாய். அப்பா போனபிறகு நான் இப்பிடிச் சந்தோசமா இருந்ததில்லை, பிள்ளை."

இன்பமலர் நாடாவைச் சுருட்டினாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு ஆசனங்களில் இருந்து வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைவரை போனாள். குசினியில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. திரும்பி வந்தாள்.

"வெளிக்கிடுங்கோ அம்மா. றஊப் அண்ணன் வாசிப்பார். நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ."

றீற்றா சீலை மாற்றிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

ஒன்பது நாளில் எல்லாவற்றையும் திரும்ப அளந்தார்கள். கை கடுத்தது, ஆனாலும் சிரிப்புக் குறையவில்லை. புதிய வரைபடத்தில் வெடிப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கூரையில் சந்தித்தன. புதுமை ஒன்றும் இல்லாத, பிழையும் இல்லாத ஆய்வு. எதற்காக எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தாய் என்று பரீட்சகர்கள் கேட்டபோது, "முதல் முறை இலக்கங்களைப் பிழையாக எழுதிவிட்டேன், சேர்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். பட்டம் கிடைத்தது.

அந்த வருடம் ஆவணியில் றீற்றாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. தடித்த கண்ணாடியைப் போட்டதும் முதலில் மகளைத்தான் பார்த்தார்.

"கடவுளே! இவ்வளவு கறுத்துப்போனியே!"

இப்போது 1981. இன்பமலர் மலைநாட்டில் ஒரு சுரங்கப்பாதையில் பொறியியலாளர். முதல் நாள் முணுமுணுத்த தொழிலாளர்கள் இப்போது அவள் வந்து கூரையைப் பார்க்காமல் உள்ளே இறங்குவதில்லை. அவளுக்குக் கீழே கண் கூர்மையான இரண்டு உதவியாளர்கள் அளக்கிறார்கள். பிழையே விடுவதில்லை, வேலை நேரத்தில் கதைப்பதும் இல்லை. சில நாட்களில், அவர்கள் சொல்லும் இலக்கங்களை எழுதிக்கொண்டே, அவள் மனம் துறைமுகக் குன்றுக்குப் போய்விடும்.

போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த றீற்றா திடீரென்று கேட்டார்.

"அந்தப் பொந்துக்குள்ள இன்னுமொருக்காப் போக ஏலாதோ?"

"என்னத்துக்கம்மா? அளக்க இனி ஒண்டும் இல்லையே."

"அளக்கவோ? இல்லை. நான் அதை வடிவாப் பார்க்கேல்லைப் பிள்ளை."

இன்பமலர் அடுத்த நாளே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதப் பேனா எடுத்தாள்.