வந்திருந்ததாக ஒரு கையெழுத்து

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சமத்துவம்’. நான் மாடிப்படி இறங்கினால், “சமத்துவம் வருது, சீக்கிரம் டீயக் குடிங்க” என்பார்கள். மக்களை நேரில் சந்திக்கும் ஒவ்வோர் ஊழியரும் வருடத்துக்கு ஒருமுறை சமத்துவக் கடமைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். கண் தெரியாதவர், காது கேளாதவர், கைக்குழந்தையோடு வருபவர், பாஷை புரியாதவர் என்று யார் வந்தாலும், மற்றவர்களுக்கு நடக்கும் காரியம் அவர்களுக்கும் நடக்க வேண்டும். அவர்கள் வந்து கெஞ்சும் வரை காத்திராமல் நாமே முன்கூட்டி வழி செய்து வைக்க வேண்டும். இதை அரை நாளில் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை.

நல்ல சட்டம். மனதாரச் சொல்கிறேன். ஆனால் மேலிடம் கேட்டதெல்லாம் வருகைத் தாளை மட்டும்தான். மாதக் கடைசிக்குள் நூற்றுக்கு நூறு பேர் கையெழுத்து இருக்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் அந்தப் பிரிவு முழுவதையும் சிவப்பில் காட்டி, கூட்டத்தில் வைத்து மானத்தை வாங்குவார்கள். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. வர முடியாதவருக்கு வகுப்பு எடுப்பவரே கையெழுத்துப் போட்டுவிடுவார். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. ‘ஒப்பேத்துறது’ என்போம்.

என் அக்காவும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்தாள். கீழ்த்தளம், வீட்டு விண்ணப்பப் பிரிவு, மூன்றாம் கவுன்டர். இருபத்திரண்டு வருடமாக அதே கண்ணாடிக்குப் பின்னால். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டிப்போவது என் முறை. அன்று ராத்திரி, அம்மா இருந்த அக்கா வீட்டிலேயே எனக்கும் சாப்பாடு. அந்த வருடம் அக்காவின் பிரிவுக்கு வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்தது.

“அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். வாத்தியாரே வரலன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

“உனக்கும் கிளாஸ்தானேக்கா.”

“எனக்கு எத்தனை வருஷமா நடத்துற. இந்தத் தடவை ஒப்பேத்திடு.”

பிரிவுத் தலைவரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வகுப்பு முடிந்ததும் அவள் பெயருக்கு நேரே அவளைப் போலவே கையெழுத்துப் போட்டேன். கை கூசவில்லை. சின்ன வயதில் என் மதிப்பெண் அட்டைகளில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றியவள் அவள். எங்கள் குடும்பத்துக்கு இது புதிதா என்ன என்று சிரித்துக்கூடக் கொண்டேன்.

காது கேளாதவர்களுக்கான பகுதி அந்த வருடம்தான் பாடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். வீட்டிலேயே துணி தைத்துப் பிழைப்பவள். பிறவியிலேயே காது கேட்காது. அவள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அரசு வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாற்பத்தொன்றாம் எண் சீட்டோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண் காட்டும் மின்பலகை நான்கு மாதமாகச் செத்துக் கிடந்தது. அதற்கு எழுதிய கடிதங்களெல்லாம் எந்த மேசையில் தூங்கினவோ தெரியாது. அதனால் கவுன்டரிலிருந்து வாயால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நாற்பத்தொன்றை மூன்று முறை கூப்பிட்டாள். ‘அழைத்தும் வரவில்லை’ என்று எழுதிவிட்டு நாற்பத்திரண்டைக் கூப்பிட்டாள். கவுன்டரை மூடும் நேரத்தில் அந்தப் பெண் எழுந்து வந்து சீட்டை நீட்டியபோது பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த பட்டியல் அடுத்த வருடம்தான் என்று அக்கா எழுதிக் காட்டியிருக்கிறாள்.

ஒரு மாதத்தில் புகார் வந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் பிள்ளைகளில் ஒன்று சித்தி வீட்டிலும் மற்றொன்று மாமா வீட்டிலும் இருந்தன. அவள் தையல் மெஷினோடு தெரிந்தவர் ஒருவரின் கடையில் ஒண்டியிருந்தாள். புகாரில் ஒரு வரியை என்னால் மறக்க முடியவில்லை: ‘அந்த அம்மாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரிடமோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.’

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த ஊழியர் பயிற்சி பெற்றவரா? பெறவில்லை என்றால் குற்றம் அலுவலகத்துடையது, அதிலும் முதலில் என்னுடையது. பெற்றவர் என்றால், தெரிந்தே செய்தவர் ஆகிறார். வேலை போய்விடும். வருகைத் தாளில் அக்காவின் கையெழுத்து கண்ணைப் பறிக்கும் நீல மையில் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று போனேன். படிக்கட்டு முனையில் அக்கா என்னை நிறுத்தினாள்.

“நீ என்ன சொல்லப் போறன்னு உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. பேசாம இரு.”

“போட்டது நான்தானேக்கா.”

“போடச் சொன்னது நான். மூணு தடவை கூப்பிட்டுட்டு நிமிர்ந்துகூடப் பாக்காததும் நான்தான். பொய்க் கையெழுத்துன்னா உன்னோட சேத்து என்னையும்தான் அனுப்புவாங்க. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துட்டா அம்மாவ எப்படிடா பாக்குறது?”

உள்ளே எங்களை ஒன்றாக உட்கார வைத்து, அவளை முதலில் கேட்டார்கள்.

“பயிற்சிக்கு வந்திருந்தீங்களா?”

“வந்திருந்தேன்.”

“காது கேக்காதவங்க வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?”

“சொல்லிக் குடுத்தாங்க.”

“என்ன செய்யணும்னு சொன்னாங்க?”

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. அதைத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

“மறந்துடுச்சுங்க,” என்றாள்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இவங்க உங்க கூடப் பிறந்தவங்கன்னு தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு வகுப்புல இருந்தாங்களா?”

“இருந்தாங்க” என்று சொன்னேன். அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பாதிதான். மீதிப் பாதி சுத்தமான பயம்.

அக்காவுக்கு வேலை போயிற்று. அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைக்கவில்லை. பட்டியல் அடுத்த வருடம்தான் திறக்கும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஊழியர் மீது நடவடிக்கை எடுத்ததோடு கடமை முடிந்ததென்று கோப்பை மூடினார்கள். மின்பலகை இன்னும் எரியவில்லை.

இப்போது மூன்று நாளும் அம்மாவை அக்காதான் கூட்டிப்போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஆகாத உப்பு இறங்குவதற்காகக் காய்களைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகப் பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. திடீரென்று, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அன்னிக்கு அவர் கேட்டாரே, காது கேக்காதவங்க வந்தா என்ன செய்யணும்னு. அதுக்கு என்னதான்டா பதில்?”

சொன்னேன். “பலகை ஓடலன்னா நம்பர ஒரு தாள்ல பெருசா எழுதணும். கூப்பிட்டு யாரும் வரலன்னா எழுந்து போய், வரிசை வரிசையாக் காட்டணும்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்க்கா.”

கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத அந்தக் கிளாஸ் நடந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா,” என்றாள். “எழுந்து போய்க் காட்டியிருப்பேனே.”