ஒரே ஜாடி மாத்திரை

வெரோனாவும் இஸ்மேயும் செயின்ட் ஜான் என்ற மேட்டு ஊரில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். கடற்கரை ஹோட்டலில் ஒரே மேஜையின் இரு பக்கமும் நின்று படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர்கள். ஒருத்தி வீட்டில் மீன் பொரித்தால் மற்றவள் வீட்டுத் தட்டும் நிறையும். இழுப்பையும் கடவுள் இருவருக்கும் பங்கு போட்டுத்தான் கொடுத்திருந்தார்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆஸ்துமாவையும் அடக்குமா என்று சோதிக்க, பிரிட்ஜ்டவுன் கிளினிக்கில் டாக்டர் பில்கிரிம் ஆள் சேர்த்தார். இருவரும் சேர்ந்தே போனார்கள். ஆளுக்கொரு புட்டி கிடைத்தது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை தனக்கே தெரியாது என்றார் டாக்டர்.

திரும்பும்போது வேனிலேயே இஸ்மே ஆரம்பித்தாள். "அதென்னடி நியாயம்? ஒருத்திக்கு மீனு, ஒருத்திக்கு முள்ளா? ரெண்டையும் ஒரே ஜாடியில கொட்டிக் கலக்கிடுவோம். ராத்திரிக்கு ஆளுக்கொண்ணு. யாரும் ஏமாற வேணாம்."

"டாக்டர் கேட்டா?"

"அவரா வந்து நம்ம அலமாரியத் திறக்கப்போறாரு? நீ வாயத் திறக்காம இரு, போதும்."

மாதங்கள் போகப் போக வெரோனாவின் நெஞ்சு இளகியது. நீராவிக்கு நடுவே இருமாமல் நின்றாள். தேவாலயத்தில் பாட்டின் நீண்ட அடியை ஒரே மூச்சில் பாடினாள். இஸ்மேக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. "ஊதுடி ஊது, உன் மூச்சுல என் வீட்டுக் கூரை பறக்கட்டும்" என்று சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் இழுக்க ஆரம்பித்துவிடும்.

சோதனை முடிந்ததும் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லம்மா. ஆஸ்துமாவுக்கு இந்த மாத்திரைய இனி தர மாட்டோம்."

வெரோனா நாற்காலியை விட்டு எழுந்தாள். "எனக்கு நல்லா கேட்டுச்சே டாக்டர்! எனக்கு மட்டுமாவது எழுதிக் குடுங்க."

அவர் கணினியைப் பார்த்தார். "உனக்குக் கிடைச்சது மாவும்மா. நிஜ மாத்திரை இஸ்மேக்கு. பாவம், அவளுக்குத்தான் கேட்கல."

மேஜைக்கடியில் இஸ்மே வெரோனாவின் காலை அழுத்தி மிதித்தாள். மாத்திரை நின்றால் கிடைத்த மூச்சும் போய்விடுமே என்ற பயத்தில் வெரோனா ஜாடிக் கதையை முழுக்கக் கொட்டிவிட்டாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேர் மட்டும்தானா?"

கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த, அதே சோதனையில் சேர்ந்திருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என் தங்கச்சிக்கும் இழுப்புதான் டாக்டர். அவளுக்குத் தராம நான் மட்டும் எப்படி முழுங்குவேன்?" அவள் பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வெரோனாவைப் பார்த்துச் சொன்னார்: "உனக்கு மாத்திரையால கேட்டுச்சா, தானா கேட்டுச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை சோதிக்கவும் விட மாட்டாங்க. நான் எத வச்சு எழுதித் தர்றது?"

திரும்பும் வேனில் இஸ்மே வெரோனாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "இத்தன நாளா நீ விட்டது என் மூச்சு."

"கலக்கச் சொன்னது நீதானேடி."

"ஆமா, நான்தான். அதத்தான் தாங்க முடியல. வண்டிய நிறுத்துப்பா!"

வீட்டுக்குப் போகும் மேட்டுக்குக் கீழேயே இறங்கிக்கொண்டாள். அந்த ஏற்றத்தை நடந்து ஏற அவளால் ஆகாது என்று வெரோனாவுக்குத் தெரியும். கூடவே இறங்கியிருக்கலாம். ஆனால் மாத்திரை இல்லாமல் நாளைக்குத் தன் நெஞ்சும் எப்படி இருக்குமோ என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.