கெனா வீட்டில் விடியவில்லை

யூனு நகரத்தில் மெழுகுக்காரன் கெனாவின் வீட்டில் நான்கு ஆண்டுகள் சூரியன் உதிக்கவில்லை. முதல் இரண்டு வருடம் இடப்பக்கத்து வீட்டில் உதித்தது, வலப்பக்கத்து வீட்டில் உதித்தது, எதிரே கழுதை கட்டும் கொட்டிலில்கூட வழக்கம்போல உதித்துக் கழுதையின் முதுகைச் சுட்டது. கெனா வீட்டுச் சுவர்வரை வந்த வெயில், வரப்பில் முட்டிய தண்ணீரைப் போல அங்கேயே நின்றுவிட்டது. அது தொடங்கியது ஆற்றில் வெள்ளம் பதினாறு முழம் ஏறிய நல்ல வருடத்தில். ஒரு மூட்டை பார்லிக்கு இரண்டு வாத்து கிடைத்தது. வெங்காயம் மட்டும் கொஞ்சம் சிறுத்து விளைந்தது.

கெனாவின் வேலை பாம்பு செய்வது. வானத்தில் சூரியக் கடவுள் ராவின் படகை விழுங்கக் காத்திருக்கும் அப்பேப் என்ற பாம்பைக் கோயிலில் ஒவ்வொரு நாளும் கொன்றாக வேண்டும், கொல்வதற்கு ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பைத்தான் அவன் இருபது வருடமாக மெழுகில் பிடித்துக் கொடுத்தான். எழுத்தர் அதன் முதுகில் பச்சை மையால் பெயரை எழுதுவார். பூசாரிகள் அந்தப் பெயரைச் சொல்லி நான்கு தடவை துப்புவார்கள், இடது காலால் மிதிப்பார்கள், கத்தியால் குத்துவார்கள், கடைசியில் நெருப்பில் போடுவார்கள். தேனீக்கள் ராவின் கண்ணீரில் பிறந்தவை என்பது ஊரறிந்த விஷயம். அப்படியென்றால் ராவின் பகைவனை ராவின் கண்ணீராலேயே அல்லவா செய்கிறோம் என்று கெனாவுக்கு உள்ளூர ஒரு நெருடல் உண்டு. கேட்டால் முதுகு பிய்ந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. ஆனால் பாம்பை மட்டும் செதில் செதிலாகக் கீறி, கண்ணுக்கு மேலே இமைமேடுகூட வைத்துச் செய்வான். மிதிபடப் போகிற சனியனுக்கு எதற்கு இவ்வளவு அழகு என்று எழுத்தர் கேலி செய்வார். அவன் சிரித்து மழுப்பிவிடுவான். செய்த பாம்பு எதுவும் அன்றைய பொழுது சாய்ந்த பிறகு எரியாமல் மிஞ்சக்கூடாது, பட்டறையில் இருந்த ஒரே விதி அதுதான்.

அவனுக்கு நூபெத் என்று ஆறு வயதில் ஒரு மகள். இரண்டு வயதில் ஈ மொய்த்துக் கண் போனவள். அப்பா நாளெல்லாம் என்ன செய்கிறார் என்று அவள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிப் பார்த்தான், பிள்ளைக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நகக்கண்ணில் ஒட்டியது, பலகையில் சுரண்டியது என்று பல நாள் சேர்த்த மெழுகில் ஒரு சாண் பாம்பு செய்து இடுப்புத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெயர் எழுதினால்தானே அப்பேப், எழுதாதவரை வெறும் மெழுகு என்பது அவன் போட்ட கணக்கு.

நூபெத் அதைத் தலையிலிருந்து வால்வரை பலமுறை தடவிப் பார்த்தாள். “இதுக்குப் பேரு என்னப்பா?”

“இதுக்குப் பேரெல்லாம் கிடையாது தாயி.”

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அந்த நாட்டில் கண் இல்லாமல் வாழலாம், கால் இல்லாமல் வாழலாம், பெயர் இல்லாமல் செத்தவனாகக்கூட இருக்க முடியாது. கல்லறையில் பெயர் அழிந்தவன் அந்த உலகத்திலும் இல்லாமல் போவான் என்று பாலோடு சேர்த்துப் புகட்டி வளர்த்த குழந்தை அவள். வெகுநேரம் அழுதாள். பிறகு பாம்பைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, “அழாத. என் பேரையே வச்சுக்கோ,” என்றாள். மறுநாள் அந்த வீட்டில் விடியவில்லை.

முதல் மாதம் தெருக்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. உச்சி வெயிலில் பாயைச் சுருட்டிக்கொண்டு கெனா வீட்டு முற்றத்தில் வந்து தூங்கினார்கள். நண்பகலில் அங்கே நட்சத்திரம் தெரிந்ததால் கோயிலில் நேரம் கணிக்கும் பூசாரி ஒருவர் பத்து நாள் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பிறகு யாரும் வரவில்லை. துவைத்த துணி காயாமல் பூஞ்சை பிடித்தது, பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டது. கெனாவின் மனைவி ஹெனூத்தின் தோல் முள்ளங்கியைப் போல வெளுத்தது. நூபெத் ஒருத்திக்குத்தான் அந்த வீட்டில் குளிரவில்லை. மெழுகுப் பாம்பு அவள் மடியில் சுருண்டு கிடந்து, வீட்டுக்கு வரவேண்டிய வெளிச்சத்தை விடியும்போதே குடித்துவிட்டு, நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. வேறு இரை எதுவும் அது கேட்கவில்லை.

ஹெனூத்துக்கு இரண்டாம் வருடம் பொறுமை போயிற்று. அவள் கெட்டவள் இல்லை, பாவம், வெயிலைப் பார்க்காமல் எத்தனை நாள்தான் ஒரு மனுஷி இருப்பாள்? பிள்ளை தூங்கும்போது விறகுக் கட்டையால் பாம்பின் வாலை ஓங்கி அடித்தாள். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நூபெத்தின் கணுக்கால் எலும்பு நொறுங்கி, அன்றிலிருந்து அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஹெனூத் அந்தக் கட்டையை அடுப்பில் போட்டு எரித்தாள். அதற்குப் பிறகு பாம்பு இருக்கும் பக்கமே அவள் போகவில்லை.

மூன்றாம் வருடம் இருட்டு சுவரைத் தாண்டியது. முதலில் கழுதைக் கொட்டில் போயிற்று, பிறகு ஏழு வீடுகள், பிறகு கோயிலுக்குச் சொந்தமான பார்லி வயலில் ஒரு மூலை. வீடுகள் இருண்டபோது கேட்காத கோயில், வயல் இருண்டதும் ஆள் அனுப்பியது. தலைமைப் பூசாரி பாசெர் பல்லக்கில் வந்து, விளக்கைப் பிடிக்கச் சொல்லிக் குழந்தையின் மடியைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. களைத்த மனிதர், முழங்கால் வலி வேறு. கெனாவை வாசலுக்கு அழைத்துப்போய் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“ஏம்ப்பா, உனக்குப் புத்தி மட்டா? விடியிறப்ப ரா ஒவ்வொருத்தர் பேராச் சொல்லித்தான் வெளிச்சம் குடுக்கிறாரு. உன் வீட்டுல நூபெத்துன்னு கூப்பிட்டா உன் பொண்ணுக்கு முன்னாடி அது வாயைத் தொறக்குது. ஒரு தடவை ருசி கண்டுடுச்சில்ல, இனி எல்லார் பங்கையும் குடிக்கும்.”

“என்ன செய்யணும் சாமி?”

“செய்யவேண்டியது உனக்கே தெரியும். அந்தப் பேரைச் சொல்லித் துப்பணும், மிதிக்கணும், எரிக்கணும்.”

பெயர் எரிந்தால் பெயருக்கு உரியவளும் எரிந்த மாதிரிதான் என்பதைப் பாசெர் சொல்லவில்லை. சொல்லாமலே இருவருக்கும் தெரியும். அடுத்த வருடக் கடைசிவரை அவகாசம் கொடுத்தார். வருடக் கடைசியில் எந்த மாதத்திலும் சேராமல் மிஞ்சும் ஐந்து நாட்களுக்குள் பாம்பு கோயிலுக்கு வரவேண்டும், வராவிட்டால் காவலர்கள் பாம்பையும் பிள்ளையையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வருவார்கள். இதைச் சொன்னபோது அவர் கெனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கெனா அந்த ஒரு வருடமும் வேலைக்குப் போனான். நாளொரு பாம்பு செய்து கொடுத்தான், அழகில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாம்பைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தான். அவன் திரும்புவதற்குள் அது மகளின் மடிக்குத் திரும்பியிருந்தது. பெயரைத் திருப்பிக் கேட்கச் சொல்லி மகளிடமே கெஞ்சினான். அவள் கேட்டாள், பாம்பு கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு பெயர் சூட்டிப் பார்த்தான். யாரும் வாழ்ந்திராத பெயர் பிள்ளையின் மேல் ஒட்டாமல் ஒரு நாளில் உதிர்ந்துபோயிற்று. கடைசி ஐந்து நாட்களில் முதல் நாள் அவன் மகளுக்குத் தலைவாரிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“உன் பேரை அதுக்கே விட்டுடு தாயி. நீ என் பேரை எடுத்துக்கோ. நாப்பது வருஷம் நான் புழங்கின பேரு, கெட்டியா நிக்கும்.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு எதுக்கு? நீ எப்பவாச்சும் என்னைப் பேர் சொல்லியா கூப்பிட்டிருக்க?”

அவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். அவன் மூன்று தடவை அவளைக் கெனா என்று அழைத்தான், மூன்று தடவையும் அவள் என்னப்பா என்றாள். அவ்வளவுதான் சடங்கு. அடுப்படியிலிருந்து ஹெனூத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து அவன் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். அவன் பாம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான்.

எழுத்தர் பாம்பின் முதுகில் நூபெத் என்று பச்சை மையால் எழுதினார். பாசெர் நான்கு தடவை துப்பினார், இடது காலால் மிதித்தார், குத்தினார், நெருப்பில் போட்டார். நான்கு ஆண்டு குடித்த வெளிச்சம் முழுவதும் மெழுகோடு உருகி வெளியே பாய்ந்ததில் அன்றைக்கு ஊரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழுந்தது. அது ஓய்ந்ததும் எழுத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருபது வருடம் தன்னோடு ஒரே பட்டறையில் ரொட்டி தின்ற மனிதனைப் பார்த்தார்.

“யாருய்யா நீ? உள்ள யாரு விட்டது உன்னை?”

அவனிடம் சொல்வதற்குப் பெயர் இருக்கவில்லை. காவலர்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். வெளியே நல்ல வெயில். அது எல்லார்மேலும் விழுந்தது, அவன்மேல் மட்டும் விழவில்லை. பெயரைச் சொல்லி வெளிச்சம் கொடுக்கிற ரா அவனை எப்படிக் கூப்பிடுவார்? ஆள் உயரத்துக்கு ஓர் இருட்டு தெருவழியாக நடந்து போவதைத்தான் மக்கள் பார்த்தார்கள். கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வீட்டில் விடிந்திருந்தது. ஹெனூத் நான்கு வருடப் பாய்களையெல்லாம் முற்றத்தில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த இருட்டைப் பார்த்தாள், வியப்பில்லாமல் சுற்றிக்கொண்டு போனாள். தனக்கு ஒரு புருஷன் இருந்ததாகவும் பேர்தான் வாயில் வர மறுக்கிறது என்றும் பிற்பாடு பக்கத்து வீட்டாரிடம் சொன்னாள். பெண்பிள்ளைக்குக் கெனா என்று யார் பேர் வைத்தது என்று கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னாள்.

இருட்டு முற்றத்தின் மேற்கு மூலையில் தங்கிக்கொண்டது. தண்ணீர் அங்கே நன்றாகக் குளிர்வதைக் கண்டு தெருக்காரப் பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து அதற்குள் வைத்தார்கள். சில வருடங்கள் அது மெல்ல அசைவதும் இடம் மாறுவதுமாக இருந்தது. ஒரு கோடையில் அசைவது நின்றுபோயிற்று. எடுத்துப் புதைக்க அங்கே உடல் எதுவும் யாருக்கும் தெரியவில்லை, எழுதிவைக்கப் பெயரும் இல்லை.

பார்வையில்லாத கெனா வளர்ந்து பெரியவளானாள். தினமும் காலையில் வெயில் முற்றத்தில் பரவியதும் கையை நீட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, சூடு எங்கே முடிகிறது என்று தேடி நடப்பாள். குளிர் தொடங்கும் இடம் வந்ததும், “அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காரு,” என்று சொல்லிவிட்டு அமர்வாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடங்களை நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.