வாயால் ஓட்டிய மெஷின்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்பார் என் கணவர். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு அது வேறு எங்கே நிற்கும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க யாராவது கத்துவார்கள். நானும் சளைக்காமல் திருப்பிக் கத்துவேன். அப்படிப்பட்டவள் ஒரு கூட்டத்தில் எழுந்து, பேச வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் பகுதியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருமுனையில் நிற்பது பழைய வியாதி. அதைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று கல்வி அலுவலகம் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. ஒன்பதாவது முடிந்ததும் ஒரு தேர்வு. தேறியவர்களுக்கு ஏட்டுப் பிரிவு, தேறாதவர்களுக்குத் தொழில் பிரிவு. தொழில் பிரிவில் சேர்ந்தால் புதிதாகக் கட்டிய பயிற்சிக்கூடத்தில் வேலை கற்றுக்கொடுப்பார்கள். கடைசி ஆறு மாதம் ஒரு தொழிற்சாலையில் நிஜ வேலை. ஒரு பிரிவில் நுழைந்தால் இன்னொன்றுக்குத் தாவ முடியாது.

என் மகள் தேர்வில் தேறினாள். தேறியும் தொழில் பிரிவுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? தேறாதவங்க போற இடத்துக்கு நீ ஏன்டி போகணும்?"

"புக்க எடுத்தா தூக்கம் வருதும்மா. மெஷினப் பாத்தா வந்த தூக்கமும் ஓடிடுது. நான் என்ன பண்ண?"

வீட்டில் மின்விசிறி கொஞ்சம் முனகினால் போதும், நாற்காலி மேல் ஏறிவிடுவாள். கழற்றி, துடைத்து, மாட்டி, முனகலை நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட வருவாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். மகள் பக்கம்தான் சாய்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் வீட்டில் என் பேச்சு எடுபடாது. போய்த் தொலை என்றேன்.

பயிற்சிக்கூடத்தில் அட்டைப்பெட்டிப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே அட்டை வெட்டும் மெஷின் ஒன்று பளபளவென்று நின்றது. இரண்டு பெரிய இரும்புப் பலகைகள், புத்தகம் மாதிரித் திறந்து மூடும். திறக்கும்போது வெட்டிய அட்டையை ஒரு கையால் எடுத்து, மறு கையால் அடுத்ததை வைக்க வேண்டும். மூடும்போது உள்ளே இருக்கும் கத்திகள் பெட்டி வடிவத்துக்கு வெட்டிவிடும். சோப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

அந்த மெஷின் திறப்பு விழா அன்றைக்கு மட்டும்தான் ஓடியது. அதுவும் வாடகை ஜெனரேட்டரில், போட்டோ எடுக்கும் வரைக்கும். அவ்வளவு பெரிய மெஷினுக்குத் தனி மின் இணைப்பு வேண்டுமாம். கேட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். அவள் அந்தக் கூடத்தில் படித்து முடிகிற வரைக்கும் வரவில்லை.

அதற்காகப் பாடத்தை நிறுத்த முடியுமா? பயிற்சி கொடுத்த மாஸ்டர் தங்கமான மனிதர். ஓடாத மெஷினை வாயாலேயே ஓட்டினார். பலகைகளைத் திறந்த நிலையில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வரிசையாக விட்டு, ஒவ்வொருவரும் அட்டையை வைத்ததும் "டடக்!" என்று குரல் கொடுப்பார். அது பலகை மூடுகிற சத்தம். கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி "டடக்!" என்றால் திறந்துவிட்டது என்று அர்த்தம். பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிய நாளில் நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் தெருத் தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகளும் அதே வகுப்புதான்; ஒல்லிக்குச்சி, எல்லோருக்கும் அவள் 'ஊசி'.

மதிப்பெண் எதற்கு என்றால், அட்டை கோணாமல் உட்காருவதற்கு. எவ்வளவு வேகமாக வைக்கிறார்கள் என்பதற்கு அல்ல. ஓடாத மெஷினில் வேகத்தை எப்படி அளப்பது? யாராவது கோணலாக வைத்துவிட்டால் மாஸ்டர் "சரி பண்ணும்மா, அவசரமில்ல" என்று பொறுமையாக நிற்பார். கையை மறுபடி உள்ளே விட்டு, ஓரத்தை ஒட்டி நகர்த்தி, நேராக்கிய பிறகுதான் "டடக்!" என் மகள் ஒருமுறைகூடக் கோணலாக விட்டதில்லை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அதை அவள் அப்பா லாரி நண்பர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

கடைசி ஆறு மாத வேலைக்காகப் பெட்டித் தொழிற்சாலையில் அவள் சேர்ந்த இரண்டாவது நாள், கவுண்டரில் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. போன் வந்தது. டிக்கெட் கேட்டு நீட்டிய கைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

வலது கை. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போய்விட்டன.

மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்.

"அட்டை கோணலா விழுந்துச்சும்மா. சரி பண்ணப் போனேன்."

அங்கே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். கோணலாக விழுந்தால் அது போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததை வைப்பார்களாம். ஒரு அட்டை வீண், அவ்வளவுதான். அங்கே வேலை செய்கிற யாரும் ஓடுகிற மெஷினுக்குள் திரும்பக் கையை விட மாட்டார்கள். கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்துகிற கம்பி ஒன்றும் உண்டாம். வேலை தாமதமாகிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள். படுபாவிகள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் நானும் கொஞ்சம் அழுதிருப்பேன். மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றியது. அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

கல்வி அலுவலகம் பெற்றோர் கூட்டம் போட்டது. அதற்கு முந்தின நாள் தையல்காரி வீட்டுக்கு வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு நீங்க கோபத்துல ஏதாவது சொல்லி, கூடத்த மூடிட்டாங்கன்னா எங்க பிள்ளைங்க கதி? ஊசிக்கு ஏட்டுப் பிரிவுல இடம் கிடையாது. அவளுக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான்."

"என் பொண்ணுக்கு நடந்தது உன் பொண்ணுக்கும் நடக்கும்டி. அது உனக்குப் புரியலையா?"

"புரியுதுக்கா" என்றாள். புரிந்த மாதிரித் தெரியவில்லை.

கூட்டத்துக்கு மகளும் வருவேன் என்றாள். கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்வி அதிகாரி மென்மையாகத்தான் பேசினார். வருத்தம் தெரிவித்தார். விசாரித்ததில் மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று தெரிகிறது என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கவனக்குறைவா? என் பொண்ணு கவனம் போதாமலா கையக் குடுத்தா? இங்க என்ன சொல்லிக்குடுத்தீங்களோ அதத்தான் சார் அங்க பண்ணினா! கோணினா கைய விட்டு நேராக்குன்னு பழக்கினது யாரு? அந்த மெஷின் ஒரு நாளாவது ஓடிப் பாத்திருக்காளா அவ? கேளுங்க, அவரக் கேளுங்க!"

மாஸ்டர் சுவரோரமாக நின்றிருந்தார். தலை நிமிரவே இல்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க புகாரா எழுதிக் குடுத்தா விசாரணை வைக்கணும்மா" என்றார் அதிகாரி. "விசாரணை முடியற வரைக்கும் பயிற்சிக்கூடத்த மூடித்தான் ஆகணும். அது எனக்கு ஒண்ணுமில்ல. முடிவு உங்க கையில."

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அவ்வளவு அப்பாக்கள், அவ்வளவு அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகளின் சோற்றில் நான் மண் போடப் போகிறேன் என்று அந்தக் கண்கள் சொல்லின. பார்த்தால் பாருங்கள், எழுதித்தான் கொடுப்பேன் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, உக்காரு."

மகள் எழுந்து நின்றாள்.

"மாஸ்டர் மேல தப்பு இல்ல சார். யார் மேலயும் இல்ல. அட்டைய முதல்லயே நேரா வெச்சிருந்தா கைய விட வேண்டி வந்திருக்காது. என் தப்புதான்."

கூடமே மூச்சு விட்டது. எவ்வளவு பக்குவமான பெண் என்று அதிகாரி பாராட்டினார். யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர்களைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் பொய் சொல்லவில்லை. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அதை மனதார நம்பினாள்.

வாசலில் தையல்காரி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள்.

"தங்கமான பொண்ண பெத்திருக்கீங்கக்கா. நல்லா இருக்கணும். ஊசியையும் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. அதே ஃபேக்டரிதான். இவ இடம் காலியா இருக்குதில்ல?"

"அங்க மெஷின் நிக்காதுடி. ஓடிக்கிட்டே இருக்கும். கோணினா விட்டுடச் சொல்லு. கைய மட்டும் விடாதேன்னு சொல்லு."

"அட நீங்க ஒண்ணு, பயப்படாதீங்கக்கா. அவ கவனமா இருப்பா."

என் மகள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினாள்.